பாகூர்: பக்கத்தில் இருந்தும் பார்க்காத ஊர்

வெளியூரிலிருந்து விருந்தினர் வந்தால் நம் எல்லோர் வீட்டிலும் ஒரே வழக்கம்தான். கடற்கரை, மணக்குள விநாயகர் கோயில், வெள்ளைக்காரர் தெருக்கள். அத்தோடு புதுச்சேரி முடிந்துவிடும். நானும் பல வருடம் அப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தேன். நம் கிராமப்புறத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்ற எண்ணம்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். சரித்திர வகுப்பில் ஷார்லமாஞ் முடிசூடிய ஆண்டு 800 என்று மனப்பாடம். இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த அரசர் பள்ளிக்கூடங்களை வளர்த்த கதையை வாத்தியார் விரிவாகச் சொல்வார். அதே நூற்றாண்டில், எங்கள் பள்ளியிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டரில், பாகூரில் ஒரு கல்லூரி நடந்தது என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த வயதில் எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்!

பிறகு அரசாங்க வேலை. குமாஸ்தாவாக எத்தனையோ பதிவேடுகளில் பாகூர், கடுவனூர் என்று ஊர்ப் பெயர்களை எழுதி எழுதிக் கை வலித்ததுதான் மிச்சம். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நண்பர் கொடுத்த புத்தகத்தில்தான் பாகூர்ச் செப்பேடுகளைப் பற்றிப் படித்தேன்.

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாவது ஆட்சியாண்டில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், வடமொழியிலும் தமிழிலும் எழுதப்பட்டவை அவை. நிலைதாங்கி என்ற தலைவனின் விண்ணப்பத்தின்பேரில், வாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்டன. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்பன அவை. இரண்டாவது பெயரைப் படித்தவுடன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். நான் பதிவேட்டில் எழுதிய கடுவனூர் அந்தப் பெயரின் வாலில் அப்படியே நிற்கிறதே! படிக்கிற பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கும் சோறு போட மூன்று ஊர்களின் வருமானம். நம் மண்ணில் கல்விக்கு அன்றைக்கு இருந்த மரியாதை அது.

அந்தச் செப்பேடுகள் 1879-இல் கிடைத்து, பாரீசுக்குப் போய்விட்டன. இரண்டு முறை மகன் வீட்டுக்கு பாரீஸ் போயிருக்கிறேன். ஈஃபெல் கோபுரம் ஏறினேன், லூவ்ர் பார்த்தேன். நம் ஊர்ச் சொத்து அதே நகரத்தில் இருப்பது தெரியாமலேயே திரும்பி வந்தேன். இன்று வரை மனதில் உறுத்தும் விஷயம் இது.

போன தை மாதம் பேரனை அழைத்துக்கொண்டு போனேன். கடலூர் சாலையில் கன்னியக்கோயில் போய் மேற்கே திரும்பினால் பாகூர். முதலில் மூலநாதர் கோயில். சோழர் காலத்துக் கற்கோயில். சுவரெல்லாம் கல்வெட்டு. தஞ்சைச் சோழரை வென்று இந்தப் பக்கம் ஆண்ட ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டும் உண்டு. ஊர்ச் சபையார் ஏரியைத் தூர்வார ஏற்பாடு செய்ததும் கல்லில் இருக்கிறது. சுவரை அவசரப்படாமல் சுற்றி வாருங்கள். சின்னச் சின்ன நடனச் சிற்பங்களை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து ஏரி. ஊசுடு ஏரிக்கு அடுத்த பெரிய ஏரி நமக்கு இதுதான். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரண்டு சகோதரிகளில் பங்காரி வெட்டிய வாய்க்கால் என்பது ஊரார் சொல்லும் கதை. மழைக்காலம் முடிந்து தண்ணீர் நிறைந்திருக்கும்போது காலையில் போனால் பறவைகளையும் பார்க்கலாம்.

கரையில் நின்று பேரனுக்கு இன்னொன்றும் சொன்னேன். 1752-இல் இந்தப் பகுதியில்தான் பிரெஞ்சுப் படையை லாரன்ஸ் தலைமையிலான ஆங்கிலேயப் படை தோற்கடித்தது. பிரெஞ்சுத் தளபதி கெர்ழான், டூப்ளேயின் உறவினர், சிறைபிடிக்கப்பட்டார். டூப்ளேயின் வெற்றிகளைப் படித்த எங்களுக்கு இந்தத் தோல்வியைப் பாடத்தில் வைக்கவில்லை.

"தாத்தா, அந்தக் காலேஜ் எங்கே?" என்று கேட்டான் பேரன்.

காட்டுவதற்கு ஒரு செங்கல்கூட இல்லை. "கட்டிடம் போயிடுச்சுப்பா, பேரு இருக்கு" என்றேன். அவன் அந்த மூன்று ஊர்ப் பெயர்களையும் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டான். பள்ளியில் டீச்சரிடம் காட்டப் போகிறானாம்.

முழங்கால் ஒத்துழைக்கும்போதே நீங்களும் ஒரு முறை போய் வாருங்கள். அரை நாள் போதும். வெயில் ஏறுமுன் கோயிலைப் பார்த்துவிடுங்கள். பேரப்பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் அழைத்துப் போங்கள்.