வெளிவட்டத்தில் உயர வீரர்: கூடைப்பந்துத் தடுப்பாட்டத்தின் ஒரு கிளை வரலாறு

கூடைப்பந்தில் அணிக்கு ஐந்து பேர். அவர்களில் மிக உயரமானவர் பெரும்பாலும் ‘சென்டர்’ எனப்படும் நடுநிலை வீரர். வளையத்தை ஒட்டி ஆடுபவர். பந்தைத் தட்டிக்கொண்டு களத்தைக் கடந்து வருபவர் ‘கார்டு’. அணியில் உயரம் குறைந்தவரும் வேகம் மிகுந்தவரும் பெரும்பாலும் இவரே. சென்டரைச் சென்டரும் கார்டைக் கார்டும் தடுப்பது வழக்கம். ஆனாலும் ஆட்டத்தின் போக்கில், வளையத்திலிருந்து ஏழு மீட்டர் தள்ளி, ஏழடி மனிதர் ஒருவர் தம்மைவிட ஓரடி குட்டையான கார்டைத் தனியாக நின்று தடுக்க வேண்டிய நிலை வந்துவிடுகிறது. இன்று ஓர் ஆட்டத்தில் இது பலமுறை நடக்கும். அறுபது ஆண்டுகளுக்கு முன் இது அரிது. அரிதாக இருந்தது எப்படி அன்றாடமானது, அதற்காக உயரமானவர்கள் எதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ.வில் இந்த மாற்றம் மிகத் தெளிவாகத் தெரிவதால் எடுத்துக்காட்டுகள் அங்கிருந்தே தரப்படுகின்றன.

வளையத்தடியில் இருந்த காலம்

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் இவ்விளையாட்டை உருவாக்கினார். பத்தடி உயரத்தில் பீச் பழக் கூடைகள் கட்டப்பட்டன. அதே நிறுவனத்தில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார் என்பதையும் நம் மாணவர்கள் தெரிந்துகொள்ளலாம். இலக்கு தலைக்கு மேலே இருப்பதால், உயரமானவருக்கு இவ்விளையாட்டில் மதிப்பு கூடியது வியப்பன்று.

மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியின் ஜார்ஜ் மைக்கன் 6 அடி 10 அங்குல உயரம். வளையத்தருகே அவரைத் தடுக்க ஆளில்லை என்ற நிலை வந்ததும், 1951இல் வளையத்தின் முன்னுள்ள வண்ணப் பகுதியின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கினர். வில்ட் சேம்பர்லெய்ன் காலத்தில், 1964இல், அது 16 அடியானது. தாக்கும் அணியினர் அப்பகுதியில் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. ஆகவே சென்டர்கள் சற்றே விலகினர். ஆனால் வெகுதூரம் போகவில்லை. வண்ணப் பகுதியின் விளிம்பில் வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கினர். அவர்களைத் தடுத்தவர்களும் அங்கேயே நின்றனர். தொலைவிலிருந்து எறிந்தாலும் இரண்டு புள்ளிதான், அருகிலிருந்து போட்டாலும் இரண்டு புள்ளிதான் என்றிருந்த காலத்தில், வெளியே நிற்கும் கார்டைத் தேடி ஒரு சென்டர் ஓட வேண்டிய தேவை என்ன?

தேவை இல்லாத காலத்திலும் ஓடிய ஒருவர் உண்டு. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பில் ரசல் கல்லூரி நாள்களில் உயரம் தாண்டுதலிலும் பெயர் பெற்றவர். 1957 இறுதித் தொடரின் ஏழாம் ஆட்டம், முழு நேரத்தின் கடைசி நிமிடம். செயின்ட் லூயி அணியின் ஜாக் கோல்மன் நடுக்களத்தில் பந்தைப் பெற்று, எதிரே ஆளில்லாமல் வளையத்தை நோக்கிப் போகிறார். ரசல் நிற்பதோ களத்தின் மறுகோடியில். அங்கிருந்து ஓடிவந்து கோல்மனின் எறியைத் தட்டிவிட்டார். பாஸ்டன் இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பின் 125–123 என்று வென்று முதல் கோப்பையைப் பெற்றது. பதின்மூன்று பருவங்களில் ரசல் பெற்ற கோப்பைகள் பதினொன்று. தடுத்த எறிகளை என்.பி.ஏ. 1973–74 பருவத்தில்தான் முறையாக எண்ணத் தொடங்கியது. அதற்குள் ரசல் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் எத்தனை எறிகளைத் தடுத்தார் என்ற கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

கோடு வந்தது

என்.பி.ஏ. 1979–80 பருவத்தில் மூன்று புள்ளிக் கோட்டை வரைந்தது. வளையத்துக்கு நேரெதிரே 23 அடி 9 அங்குலம், மூலைகளில் 22 அடி. முதலில் இதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. அந்தப் பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எறிந்த மூன்று புள்ளி எறிகள் சராசரியாக மூன்றுகூட இல்லை. 2023–24இல் அது 35. இந்த இரு எண்களுக்கு இடையில்தான் உயர வீரரின் பாடு இருக்கிறது.

அவரை வளையத்தடியிலிருந்து வெளியே இழுத்துவரும் கருவி ‘பிக் அண்ட் ரோல்’ என்னும் பழைய உத்தி. பந்து வைத்திருக்கும் கார்டின் பாதையில் அவர் அணியின் சென்டர் வந்து சுவர்போல் அசையாமல் நிற்பார். கார்டு அவரை உரசுவதுபோல் ஓடிக் கடப்பார். துரத்தி வருபவர் அந்தச் சுவரில் மோதித் தாமதப்படுவார். அந்த ஒரு நொடியில் கார்டின் முன்னே மிஞ்சுவது எதிரணிச் சென்டர் மட்டுமே.

இப்போது அவர் என்ன செய்வார்? பின்வாங்கி வளையத்தைக் காக்கலாம். கார்டுக்கு வெளியே நின்று எறிய இடம் கிடைத்துவிடும். ஒரு கணம் வெளியே பாய்ந்து கார்டைத் திசைதிருப்பிவிட்டுத் தம் ஆளிடம் திரும்பலாம். திரும்புவதற்குள் பந்து அவர் ஆளிடம் போய்ச் சேர்ந்திருக்கும். இல்லையேல் ‘ஸ்விட்ச்’: ஆள் மாற்றிக்கொண்டு, அந்தக் கார்டைத் தாமே பிடித்துக்கொள்ளலாம். மூன்றிலும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். எதை விட்டுக்கொடுப்பது என்பதைப் பயிற்சியாளர் முன்கூட்டியே தீர்மானித்திருப்பார்.

ஒலாஜுவானின் விரல் நுனி

மூன்றாம் வழியின் புகழ்பெற்ற தொடக்கக்கால எடுத்துக்காட்டு 1994 ஜூன் 19 அன்று ஹூஸ்டனில் நடந்தது. இறுதித் தொடரில் நியூயார்க் 3–2 என முன்னிலை. ஆறாம் ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ஹூஸ்டன் 86–84 என முன்னே இருக்கிறது. நியூயார்க் கார்டு ஜான் ஸ்டார்க்ஸ், தம் சென்டர் பேட்ரிக் யூயிங் வைத்த சுவரைச் சுற்றி வந்து மூன்று புள்ளிக்கு எறிகிறார். விழுந்தால் கோப்பை. யூயிங்கைத் தடுத்துக்கொண்டிருந்த ஹக்கீம் ஒலாஜுவான் அவரை விட்டு வெளியே பாய்ந்து, விரல் நுனியால் பந்தைத் தொட்டுவிட்டார். மூன்று நாள் கழித்து நடந்த ஏழாம் ஆட்டத்தையும் வென்று ஹூஸ்டன் கோப்பையை எடுத்தது.

ஒலாஜுவான் நைஜீரியாவின் லாகோஸில் பிறந்தவர். பதினைந்து வயதுவரை கூடைப்பந்து ஆடியவரல்லர். கால்பந்தில் கோல் காப்பாளர், கைப்பந்தும் ஆடியவர். கோல் காப்பாளர் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், பந்து கிளம்பும் முன் தாவிவிடக் கூடாது. வெளிவட்டத் தடுப்பாட்டத்துக்கும் இதேதான் தேவை. என்.பி.ஏ. வரலாற்றில் மிக அதிக எறிகளைத் தடுத்தவர் அவரே: 3,830. சிறு வயதில் உயரமான பிள்ளையை வளையத்தடியில் நிறுத்திவிட்டு ‘கையைத் தூக்கு’ என்று மட்டும் சொல்லும் பயிற்சி முறையில் இப்படி ஒருவர் உருவாகியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

விதிகள் மாறின

ஒலாஜுவான் காலத்துத் தடுப்பாட்டக்காரருக்கு இருந்த சில வசதிகள் பின்னால் வந்தவர்களுக்கு இல்லை. 2001–02இல் என்.பி.ஏ. பகுதித் தடுப்பை அனுமதித்தது. ஆனால் யாரையும் நெருங்கித் தடுக்காமல் வண்ணப் பகுதியில் மூன்று நொடிக்கு மேல் நிற்பது தடுக்கும் அணிக்கும் குற்றமாயிற்று. அதாவது சென்டர் வளையத்தடியில் கூடாரம் போட்டு உட்கார முடியாது. 2004–05இல், வெளிவட்டத்தில் பந்தோடு வருபவர்மீது கையை வைத்து அவர் ஓட்டத்தை மட்டுப்படுத்தும் வழக்கத்தை நடுவர்கள் கண்டிப்புடன் தடுக்கத் தொடங்கினர். கார்டுகளுக்குச் சிறகு முளைத்தது. கூடவே சென்டர்களும் மூன்று புள்ளி எறியக் கற்றனர். எதிரணிச் சென்டர் கோட்டுக்கு வெளியே நின்றால், தடுப்பவரும் அங்கே போகத்தானே வேண்டும்?

இந்தக் கேள்வி ஒரு மனிதரின் வாழ்க்கையைப் புரட்டியது. இண்டியானா அணியின் ராய் ஹிபர்ட் 7 அடி 2 அங்குலம். வளையத்தருகே கைகளை நேராக உயர்த்தி, தவறிழைக்காமல் செங்குத்தாக எழும்பித் தடுப்பதில் வல்லவர். 2013 மே 22, மயாமிக்கு எதிரான கிழக்குப் பிரிவு இறுதித் தொடரின் முதல் ஆட்டம். கூடுதல் நேரத்தில் 2.2 நொடி மீதம். இண்டியானா ஒரு புள்ளி முன்னே. மயாமியின் கிறிஸ் போஷ் வெளியிலிருந்து எறியக்கூடியவர் என்பதால் பயிற்சியாளர் ஃபிராங்க் வோகல் ஹிபர்ட்டை வெளியே உட்கார வைத்தார். லெப்ரான் ஜேம்ஸ் ஆளில்லாத வளையத்துக்குள் நுழைந்து எளிதாகப் பந்தைப் போட்டார். 103–102, மயாமி வெற்றி. வோகலைப் பலர் குறை கூறினர். ஆனால் ஹிபர்ட் உள்ளே இருந்து, போஷ் வெளியிலிருந்து போட்டிருந்தால் அதற்கும் அவரைத்தான் குறை கூறியிருப்பார்கள்.

மறு ஆண்டு, முதல் சுற்றில் 38 வெற்றிகள் மட்டுமே பெற்றிருந்த அட்லாண்டா, தன் சென்டர் பெரோ ஆன்டிச்சை மூன்று புள்ளிக் கோட்டில் நிறுத்தி ஹிபர்ட்டை வெளியே இழுத்தது. முதலிடத்தில் இருந்த இண்டியானா ஏழு ஆட்டங்கள் போராடித்தான் தப்பியது. ஓர் ஆட்டத்தில் ஹிபர்ட் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. திரும்பிய பந்து ஒன்றையும் பிடிக்கவில்லை. அதே பருவத்தில் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான வாக்கெடுப்பில் அவருக்கு இரண்டாம் இடம். 2017க்குப் பின் என்.பி.ஏ.வில் அவர் ஆடவே இல்லை. அப்போது வயது முப்பது. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனாலும் அவர் கற்ற கலைக்கு இடம் சுருங்கிவிட்டது என்பதை மறுக்க முடியாது.

லவ், கரி, ஒரு நிமிடம்

2015இல் கோல்டன் ஸ்டேட் அணி இறுதித் தொடரின் நடுவில் தன் ஏழடிச் சென்டர் ஆண்ட்ரூ போகட்டைத் தொடக்க ஐவரிலிருந்து நீக்கி, 6 அடி 7 அங்குலத்துக்கு மேல் இல்லாத டிரேமண்ட் கிரீனை அவ்விடத்தில் ஆடவிட்டுக் கோப்பையை வென்றது. யாரோடு வேண்டுமானாலும் ஆள் மாற்றிக்கொள்ளும் கிரீன் எல்லா அணிகளுக்கும் முன்மாதிரியானார்.

அவ்வணிக்கே அந்தப் பாடம் திரும்பி வந்தது மறு ஆண்டு. 2016 ஜூன் 19, இறுதித் தொடரின் ஏழாம் ஆட்டம். ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே உள்ளது. கிளீவ்லாந்து 92–89 என முன்னே இருக்கிறது. ஆள் மாறியதில், 6 அடி 10 அங்குல கெவின் லவ், உலகின் மிகச் சிறந்த மூன்று புள்ளி எறியாளர் ஸ்டெஃபன் கரியின் முன் தனியே நிற்கிறார். தடுப்பாட்டத்தில் லவ்வுக்கு நல்ல பெயர் கிடையாது. கரி பந்தைத் தட்டியபடி முன்னும் பின்னும் அசைந்து பார்த்தார். லவ் தாவவில்லை, பந்தைப் பறிக்கக் கை நீட்டவில்லை, ஒட்டிக்கொண்டே நகர்ந்தார். கரி எறிந்தது உள்ளே போகவில்லை. 93–89 என்று கிளீவ்லாந்து வென்றது.

லவ் செய்தவற்றில் இக்கலையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. உயரமானவர் கார்டை வேகத்தில் வெல்ல முடியாது. அதற்கு முயலவும் கூடாது. முழங்காலை மடித்து இடுப்பைத் தாழ்த்த வேண்டும். நிமிர்ந்து நின்றால் முதல் அடி எடுப்பதற்குள் கார்டு போய்விடுவார். எதிரே நேராக நிற்காமல் சற்றே சாய்ந்து நின்று, பக்கக்கோட்டை நோக்கியோ தம் கூட்டாளி நிற்கும் பக்கமோ மட்டும் வழி விடவேண்டும். இடைவெளி ஏறக்குறைய ஒரு கை நீளம். எதிரே நிற்பவர் கரி என்றால் அதிலும் குறைவு. போலி அசைவுக்குக் கால்கள் தரையைவிட்டு எழக் கூடாது. கார்டு கடந்துவிட்டாலும் ஆட்டம் முடிந்துவிடவில்லை: அரை அடி பின்தங்கியவரின் நீண்ட கை பின்னாலிருந்து எறியை எட்டும். உயரத்தின் பயன் கடைசிக் கணத்தில்தான். அதுவரை காலால் உயிரோடு இருக்க வேண்டும்.

அப்படியும் தோற்கலாம். பிரான்சின் ரூடி கோபேர் 7 அடி 1 அங்குலம். சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை நான்குமுறை பெற்றவர். 2024 மே 24 அன்று, மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில், டல்லஸின் லூகா டோன்சிச் அவர் முன் பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே போவதுபோல் காட்டி, சட்டென நின்று, பின்னால் ஓரடி எடுத்து வைத்து மூன்று புள்ளி எறிந்தார். மூன்று நொடி மீதமிருக்க டல்லஸ் 109–108 என முன்னேறி வென்றது. டோன்சிச் பெரிய ஓட்டக்காரர் அல்லர். அவர் திறமை ஓட்டத்தில் இல்லை, திடீரென நிற்பதில் இருக்கிறது. கனத்த உடல் நிற்பதற்குள் அவர் எறிந்துவிடுகிறார். அந்த ஒரு காட்சி இணையத்தில் கோபேரைக் கேலி செய்யப் பலமுறை பயன்பட்டது. அதே பருவத்தில் என்.பி.ஏ.வின் மிகச் சிறந்த தடுப்பாட்டம் கோபேரின் மினசோட்டா அணியுடையது என்பதைக் கேலி செய்தவர்கள் சொல்லவில்லை.

இன்று எல்லோர் கண்ணும் 2004இல் பிறந்த மற்றொரு பிரெஞ்சு வீரர் மீது: விக்டர் வெம்பன்யாமா, 7 அடி 4 அங்குலம். 2023–24இல், தம் முதல் பருவத்திலேயே, என்.பி.ஏ.வில் அதிக எறிகளைத் தடுத்தவர் அவர். பிறர் ஒரு கை நீளம் விட்டு நிற்கும் இடத்தில் இவர் அதைவிடத் தள்ளி நிற்கலாம். கார்டு உள்ளே ஓடினாலும் முன்னே இருப்பார், எறிந்தாலும் கை எட்டிவிடும். அவர் எதிரே வந்தபின் எறிவதற்குக் கையைத் தூக்கிவிட்டு, மனம் மாறிப் பந்தை வேறொருவருக்குக் கடத்தும் கார்டுகளை ஆட்டந்தோறும் பார்க்கலாம். அவை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.