இருபது பவுன் புத்தகமும் ஒரு ஷில்லிங் புத்தகமும்

புத்தகம் சேர்ப்பவர்களில் இரண்டு வகை உண்டு. கடையில் ஒரு புத்தகத்தைக் கையிலெடுத்ததும் பொருளடக்கத்தைப் புரட்டுகிறவர் ஒரு வகை. மற்றவர் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போவார். எத்தனை பிரதிகள் அச்சாயின, தம் கையிலிருப்பது எத்தனையாவது பிரதி என்று அங்கே போட்டிருக்கிறதா என்று பார்ப்பார். போட்டிருந்தால் அவர் முகம் மலரும். பையிலுள்ள பணமும் கரையும். நான் முதல் வகை. காலிகோ பைண்டு போட்ட சாதாரணப் பதிப்பு, எழுத்துக் கண்ணை உறுத்தாமலும் தையல் விட்டுப் போகாமலும் இருந்தால் எனக்குப் போதும். ஆனாலும் இரண்டாம் வகைக்காரரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வருவதில்லை. பழைய புத்தகக் கடைகளில் நான் பொறுக்கிச் சேர்த்த ஆங்கிலப் புத்தகங்கள் சில என்னிடம் உண்டு; வெளிவந்த காலத்தில் ஒரு ஷில்லிங் விலை. அவற்றுக்கு அந்த அழகு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். பாதை என்னை இருபது பவுன் புத்தகத்தின் வாசலில் கொண்டு போய் விட்டது.

அந்த வாசல் லண்டனில், தேம்ஸ் நதிக்கரையில், ஹாமர்ஸ்மித் என்ற பகுதியில் இருந்தது. வில்லியம் மாரிஸ் அங்கே வாழ்ந்தார். கவி, சுவர்க் காகிதங்களுக்கும் திரைத் துணிகளுக்கும் கொடியும் பூவுமாகச் சித்திரம் தீட்டியவர், ஐம்பதை எட்டும் வயதில் சோஷலிஸ்டாகித் தெருமுனைகளில் பிரசங்கம் செய்தவர். அவருடைய நண்பர் எமரி வாக்கர் 1888 நவம்பரில் அச்சுக் கலையைப் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். பதினைந்தாம் நூற்றாண்டு அச்சுப் பக்கங்களை மாஜிக் லாந்தர் மூலம் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். விரல் நுனி அளவு எழுத்து ஆளுயரத்துக்கு நிற்கும்போது அதன் குணதோஷம் மறையுமா? வீடு திரும்பும்போதே மாரிஸ் தாமும் எழுத்து வார்ப்பது என்று முடிவு செய்துவிட்டார்.

1891இல் கெல்ம்ஸ்காட் அச்சகம் பிறந்தது. கந்தல் லினன் துணியைக் கூழாக்கிக் கையால் வார்த்த காகிதம். ஜெர்மனியிலிருந்து தருவித்த மை. இயந்திர யுகத்தின் நடுவே கையால் இழுக்கும் அச்சுப்பொறி. முதல் புத்தகத்தை நண்பர்களுக்காக இருபதே பிரதிகள் போட்டால் போதும் என்றுதான் மாரிஸ் நினைத்திருந்தார். சங்கதி வெளியே கசிந்தது. கேட்டவர் தொகை பெருகவே, காகிதத்தில் 200 பிரதிகளும் கன்றுக்குட்டித் தோலில் 6 பிரதிகளும் அச்சாயின. அவருடைய மகத்தான சாதனை 1896இல் வெளிவந்த சாஸர் கவியின் தொகுப்பு. பர்ன் ஜோன்ஸ் வரைந்த 87 சித்திரங்கள், 556 பக்கங்கள், அச்சிட மட்டும் ஒன்றே முக்கால் வருஷம் பிடித்தது. முதலில் 325 பிரதிகள் என்று அறிவித்துவிட்டுப் பிறகு 425 ஆக்கினார்கள். விலை இருபது பவுன். தோலில் அச்சிட்ட 13 பிரதிகளுக்கு விலை தலா 120 கினி. புத்தகம் முடிந்த சில மாதங்களில், அக்டோபர் 3ஆம் தேதி, மாரிஸ் இறந்து போனார்.

தொழிலாளிக்காகத் தொண்டை வறளப் பேசிய மனிதர், தொழிலாளி தொட்டுப் பார்க்கவும் முடியாத புத்தகத்தைப் போட்டாரே என்று அன்றே கேட்டவர்கள் இருந்தார்கள். அமெரிக்கப் பொருளாதார நிபுணர் வெப்லன் 1899இல் எழுதிய புத்தகத்தில், பணக்காரரின் ஆடம்பர விரயத்துக்குக் கெல்ம்ஸ்காட் புத்தகங்களையே உதாரணமாகக் காட்டி இடித்தார். குத்தலில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பணமே இல்லாத எதிர்கால இங்கிலாந்தைக் கற்பனை செய்து மாரிஸ் எழுதிய 'நியூஸ் ஃபிரம் நோவேர்' என்ற கதை 1890இல் ஒரு பென்னி விலையுள்ள சோஷலிஸ்டு வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. மறு வருஷம் சாதாரண மலிவுப் பதிப்பாக வந்தது. அதன் பிறகே கெல்ம்ஸ்காட்டில் காகிதத்தில் 300 பிரதிகள் அச்சாயிற்று. படிக்க வேண்டியவனுக்குப் படிக்கக் கிடைத்துவிட்டது. கெல்ம்ஸ்காட் பிரதி படிப்பவனுக்காகச் செய்ததல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைச் செய்கிறவனுக்காகச் செய்தது. மனிதன் தன் கைவேலையில் சந்தோஷம் காண வேண்டும் என்பது மாரிஸின் மதம். அவசரமில்லாமல், நல்ல கூலி வாங்கிக்கொண்டு, நல்ல சரக்கைக் கையாண்டு செய்த வேலை அது. அப்படிச் செய்த பொருளை, செய்தவனே விலை கொடுத்து வாங்க முடியவில்லை. இந்த முடிச்சை மாரிஸ் அவிழ்க்கவில்லை. இன்றைக்கு நம் ஊரில் கைத்தறிப் புடைவை எடுக்கப் போகிறவருக்கும் அந்த முடிச்சு தெரியும்.

டார்லிங்டன் என்ற ஊரில் வீடுகளுக்கு வர்ணம் பூசுகிற ஒருவரின் மகன் ஜோசப் மலபி டென்ட். பைண்டிங் தொழில் பழகி, லண்டனுக்கு வந்து, 1888இல் சொந்தமாகப் பிரசுராலயம் தொடங்கினார். கெல்ம்ஸ்காட் புத்தகங்களைப் பார்த்து அவருக்கு ஆசை பொங்கியது. ஆனால் மரக்கட்டையில் சித்திரம் செதுக்க ஆள் வைத்துக் கட்டுமா? இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த பியர்ட்ஸ்லி என்ற இருபது வயதுப் பையனைப் பிடித்து, ஆர்தர் அரசன் கதைக்குப் படம் போடச் சொன்னார். படங்களைப் போட்டோ முறையில் பிளாக் செய்து, 1893இலிருந்து பகுதி பகுதியாக வெளியிட்டார்: உயர்ந்த காகிதத்தில் 300, சாதாரணமாக 1,500. மாரிஸுக்குக் கோபமான கோபம். தம் பாணியைத் திருடி இயந்திரத்தில் போட்டு அரைத்துவிட்டார்கள் என்று பொருமினார். கலைஞன் என்ற முறையில் அவர் கோபம் சரி. ஆனால் சோஷலிஸ்டு மாரிஸ் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

டென்ட் யோசித்துக்கொண்டேதான் இருந்தார். 1906 பிப்ரவரியில் 'எவ்ரிமேன்ஸ் லைப்ரரி' தொடங்கியது. உலகத்து நல்ல நூல்கள் ஆயிரம், துணி பைண்டு, புத்தகம் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங். இதுதான் திட்டம். சுரங்க இன்ஜினீயர் வேலையை விட்டு இலக்கியத்துக்கு வந்த எர்னஸ்ட் ரீஸ் பதிப்பாசிரியர். பழைய ஆங்கில நாடகம் ஒன்றிலிருந்து வரிசைக்குப் பெயர் பிடித்தவரும் அவரே. ஜான்ஸனைப் பற்றி பாஸ்வெல் எழுதிய வாழ்க்கை வரலாறு முதல் புத்தகம். அந்த ஒரே வருஷத்தில் நூற்றைம்பதுக்கு மேல் வெளிவந்துவிட்டன.

ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங். மாரிஸின் ஒரு சாஸர் விலைக்கு எவ்ரிமேன் புத்தகம் நானூறு வாங்கலாம். இந்தக் கணக்கை முதலில் போட்டபோது சற்று நேரம் வாயடைத்துப் போனேன். ஒரு மனிதன் ஆயுள் முழுவதும் படிப்பதற்குக் காணும் புத்தகங்கள், ஒரே ஒரு புத்தகத்தின் விலைக்கு! ஆனால் அந்த ஷில்லிங் புத்தகத்தின் அட்டையைத் திறந்து பாருங்கள். உட்பக்கம் எங்கும் கொடி படர்ந்திருக்கும்; முதுகில் பொன்னிறப் பூவேலை; தலைப்புப் பக்கத்தைச் சுற்றி நெருக்கமான இலைக் கரை. வரைந்தவர் ரெஜினால்டு நோல்ஸ். வழி மாரிஸின் வழி. 425 பேருக்குச் செய்த அழகு பத்து வருஷத்தில் ரயில் பிரயாணியின் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. விலைபோகும் என்று நிச்சயமில்லாத நூல்களையும் டென்ட் துணிந்து சேர்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு ஷில்லிங் விலைக்கு அடியில் ஒரு வியாபார ரகசியமும் இருந்தது. பெரும்பாலும் காப்புரிமை தீர்ந்த நூல்களாகவே எடுத்தார்கள். ஆசிரியருக்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. 1911இல் வந்த சட்டம் ஆசிரியர் இறந்து ஐம்பது ஆண்டு வரை உரிமையை நீட்டியது. டென்டுக்கு அது பெரிய இடி. எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இந்த இடத்தில் நான் சட்டத்தின் பக்கம்தான். முதல் உலகப் போரில் காகித விலை ஏற, ஒரு ஷில்லிங் என்ற விலையும் போயிற்று. ஆயிரமாவது புத்தகம், அரிஸ்டாட்டில் எழுதியது, 1956இல் வந்தது. அதைப் பார்க்க டென்ட் இல்லை, 1926இல் போய்விட்டார். ரீஸும் இல்லை, 1946இல் போய்விட்டார்.

பிரதிகளுக்கு வரம்பு கட்டினால் அந்த வரம்புக்குக் காவலும் வைக்க வேண்டும். மாரிஸ் இறந்த பிறகு கெல்ம்ஸ்காட் சித்திரக் கட்டைகளை பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒப்படைத்தார்கள். நூறு வருஷத்துக்கு அவற்றிலிருந்து யாரும் அச்சிடக் கூடாது என்று நிபந்தனை. அதே ஹாமர்ஸ்மித்தில் வேறொருவர் வைத்த காவல் இன்னும் விசித்திரமானது.

காப்டன் சாண்டர்ஸன் வக்கீலாக இருந்தவர். மாரிஸின் மனைவி சொன்ன ஒரு வார்த்தையால் தொழிலை விட்டு பைண்டர் ஆனவர். 1900இல் எமரி வாக்கரோடு கூட்டுச் சேர்ந்து டவ்ஸ் அச்சகம் தொடங்கினார். கொடி, பூ, படம் எதுவும் கிடையாது. எழுத்து ஒன்றே அழகு. ஐந்து பாகங்களாக 500 பிரதிகள் அச்சிட்ட அவர்கள் பைபிளைப் பார்த்தால், பக்கம் என்பது எவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்று தெரியும். பிறகு கூட்டாளிகளுக்குள் மனஸ்தாபம். காப்டன் சாண்டர்ஸன் ஆயுள் வரை எழுத்துகளை வைத்துக்கொள்வது, அவருக்குப் பின் வாக்கர் எடுத்துக்கொள்வது என்று உடன்படிக்கை ஆயிற்று. வாக்கர் பத்து வயதுக்கு மேல் இளையவர். தமக்குப் பின் அந்த எழுத்து இயந்திரத்தில் ஏறிக் கண்ட கண்ட விஷயங்களையெல்லாம் அச்சடிக்குமே என்று கிழவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

எழுத்து வார்க்கும் அச்சுகளை 1913இல் தேம்ஸ் நதியில் போட்டார். 1916 ஆகஸ்டிலிருந்து 1917 ஜனவரி வரை, யுத்த காலத்து இருட்டில், ஈய எழுத்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்து போய் ஹாமர்ஸ்மித் பாலத்தின் மேலிருந்து எறிந்தார். வயது எழுபத்தைந்துக்கு மேல். மொத்தம் ஒரு டன்னுக்கு அதிகம். நூற்றுக்கு மேற்பட்ட நடை! எறிந்ததை ஒளிக்கவுமில்லை, டைரியில் எழுதி வைத்தார். 1922இல் அவர் இறந்த பின் அந்தத் தகராறு அவர் மனைவியின் தலையில் விழுந்தது. வாக்கருக்குப் பணம் கொடுத்துத் தீர்க்க வேண்டியதாயிற்று.

2014இல் ஓர் எழுத்து வடிவமைப்பாளர் அந்தப் பாலத்தடியில் முக்குளிப்பவர்களை இறக்கித் தேடச் செய்தார். சேற்றிலிருந்து 150 எழுத்துகள் கிடைத்தன. அவற்றையும் ஆதாரமாக வைத்து அவர் அமைத்த கணினி எழுத்தை இன்று யாரும் விலைக்கு வாங்கி எதை வேண்டுமானாலும் அச்சிடலாம். கிடைத்த ஈய எழுத்துகளில் பாதி ஹாமர்ஸ்மித்தில் எமரி வாக்கர் பெயரால் நடக்கும் அறக்கட்டளையிடம் இருக்கிறது.