மிளகு என்று பேர் கொண்ட பாதிரியார்

1597-ல் எங்க செஞ்சிக்கு ஒரு போர்த்துக்கீசியப் பாதிரியார் வந்தார். கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்ட காலம். லிஸ்பனை விட்டால் போர்த்துக்கல்லில்கூட இவ்வளவு பெரிய ஊர் இல்லை என்கிற மாதிரி எழுதிவைத்தார். அவர் பேர் பிமென்டா. அவங்க பாஷையில் அதுக்கு மிளகு என்று அர்த்தம். மிளகாயையும் அதே சொல்லால் கூப்பிடுவதுண்டு.

நாமும் அதைத்தானே செய்தோம்? மிளகு போல உறைக்கிற காய், மிளகாய். பிறந்த மண் அமெரிக்கக் கண்டம். 1492-ல் மிளகைத் தேடிப் போன கொலம்பஸ் கண்டது இதைத்தான். போர்த்துக்கீசியர் கப்பலில் இங்கே வந்தது. அதுக்கு முன்னாடி நம்ம குழம்புக்கும் ரசத்துக்கும் காரம் மிளகுதான்.

அப்புறம் எப்படி மிளகாய் ஜெயிச்சது? விவசாயியா எனக்குத் தோணுற காரணம், விதை. மிளகுக்கொடிக்கு மழை வேணும், நிழல் வேணும், படர மரம் வேணும். செஞ்சிப் பாறைச் சூட்டில் அது நிக்காது. காசு கொடுத்து வாங்கணும். மிளகாய்ப் பழத்தைக் காயவெச்சு உடைச்சா அடுத்த வருஷத்து விதை கையில் இருக்கு. ஓட்டைச் சட்டியில் போட்டாலும் வரும். ஏழை வீட்டுக்குக் காரம் வந்தது அப்படித்தான்.

இப்ப சென்னை நண்பர்கள் மாடியில் பூத் ஜொலோக்கியா போட ஆசைப்படுறீங்க. நம்ம வடகிழக்கு மிளகாய். 2007-ல் பத்து லட்சம் ஸ்கோவில் தாண்டி கின்னஸில் ஏறியது. விதையை ஒரு ராத்திரி ஊறவைங்க. கால் அங்குல ஆழம், வெதுவெதுப்பான இடம் போதும். ஊர் மிளகாய் பத்து நாளில் முளைக்கும். இது மூணு நாலு வாரம்கூட எடுக்கும், பொறுமையா இருங்க. பழத்தைத் தொட கையுறை கட்டாயம்.

2023-ல் கின்னஸ் பட்டம் பெப்பர் எக்ஸ் மிளகாய்க்குப் போச்சு, 26.93 லட்சம் ஸ்கோவில். உருவாக்கிய அமெரிக்கர் எட் கரி, அப்போது அதன் விதையை யாருக்கும் விக்கலை. வீரிய ஒட்டு விதைப் பாக்கெட்டும் கிட்டத்தட்ட அதே கதைதான்: அதில் எடுக்கிற விதை தாய்ச்செடி மாதிரி வராது, வருஷாவருஷம் கடைக்குத்தான் போகணும். மிளகுக்குக் கைநீட்டின காலத்துக்கே திரும்பின மாதிரி.

அதனால எந்த மிளகாய் போட்டாலும், விதை எடுக்கக்கூடிய ரகமா கேட்டு வாங்குங்க. சில பூக்களுக்கு மட்டும் மெல்லிய துணிப்பை கட்டுங்க, தேனீ கலப்பு செய்யாது. காய் பிடிச்சதும் பையை எடுத்துட்டு, காம்பில் நூல் கட்டி அடையாளம் வைங்க. அந்தப் பழம் சட்னிக்கு இல்ல, விதைக்கு.