சேத்தின் கையில் கிளை வந்தது எப்படி?

இத்தாலியின் அரெத்சோ நகரில் உள்ள புனித பிரான்சிஸ் ஆலயத்தில், 15ஆம் நூற்றாண்டில் பியரோ தெல்லா பிரான்செஸ்கா தீட்டிய சுவரோவியத் தொடர் ஆதாமின் மரணத்தில் தொடங்குகிறது. மகன் சேத் ஏதேன் வாசலில் தேவதூதனைச் சந்திக்கிறான். திரும்பி வந்து, இறந்துவிட்ட தகப்பன் மேல் ஒரு கிளையை நடுகிறான். அது மரமாகி, பல தலைமுறை கடந்து இயேசுவின் சிலுவையானதாம். ஆதியாகமத்தைப் புரட்டினால் சேத்தின் பயணமே அதில் இல்லை. ஆதாம் 930 வயதில் இறந்தான்; அவ்வளவுதான். அப்படியென்றால் இந்தக் கிளையை யார் கொண்டுவந்தார்கள்?

பியரோவின் மூலநூல் எது என்பது தெரிந்ததுதான். பிற்காலத்தில் ஜெனோவாவின் பேராயரான யாக்கோபுஸ் தெ வோராஜினே 13ஆம் நூற்றாண்டில் தொகுத்த ‘பொற்புராணம்’. சிலுவை கண்டெடுக்கப்பட்ட திருநாளுக்கான பகுதியில் இந்தக் கதை வருகிறது. சாலொமோன் அந்த மரத்தை வெட்டுகிறான். எங்கே பொருத்தினாலும் அளவு சேரவில்லை. ஒன்று நீளம், இல்லையேல் குட்டை. எரிச்சலான தச்சர்கள் நீரின் குறுக்கே பாலமாகப் போட்டுவிடுகிறார்கள். சேபா நாட்டு ராணி அதை மிதிக்க மறுத்து வணங்குகிறாள். சேத் நட்ட கிளையின் கதையைச் சொல்லும் இடத்திலேயே யாக்கோபுஸ், நம்பத்தக்க வரலாறு எதிலும் இது இல்லை, உண்மையா என்பதை வாசகரே முடிவு செய்யட்டும் என்று ஒதுங்கிக்கொள்கிறார். புராணம் எழுதியவரிடம் இந்த நேர்மையை நான் எதிர்பார்க்கவில்லை.

அவர் இரண்டு தடயங்களை விட்டுச்செல்கிறார். சேத்தின் பயணத்துக்கு ‘நிக்கதேமு நற்செய்தி’. கிளைக்கு, கிரேக்கர்களின் ஏதோ ஒரு வரலாறு. பின்னதற்குப் பெயர்கூட இல்லை. எனவே முன்னதைத் திறந்தேன். பாதாளத்தில் சேத் தன் கதையைச் சொல்கிறான்: நோயுற்ற தகப்பனுக்காக இரக்கத்தின் மரத்து எண்ணெயைக் கேட்டான், 5500 ஆண்டுகள் கழித்துத்தான் கிடைக்கும் என்று தேவதூதர் மிகாவேல் அனுப்பிவிட்டார். கேட்டது எண்ணெய். கிளை என்ற பேச்சே எழவில்லை.

அதற்கும் பின்னால் ‘ஆதாம் ஏவாள் வாழ்க்கை’ என்ற பழைய நூல் இருக்கிறது. லத்தீன் வடிவத்தில் தாயும் மகனும் சேர்ந்தே போகிறார்கள். வழியில் சேத்தை ஒரு விலங்கு கடித்துவிடுகிறது. அங்கும் எண்ணெய் மறுக்கப்படுகிறது. வீட்டுக்கு வந்து சேர்பவை நளதம், குங்குமம், வசம்பு, லவங்கம். வாசனைப் பொருட்கள் மட்டுமே!

1882இல் ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் மேயர் சிலுவை மரக் கதைகளைத் திரட்டி ஆராய்ந்து வெளியிட்டார். அவர் பதிப்பித்த இடைக்கால லத்தீன் கதையில் கிளைக்குப் பதில் மூன்று விதைகள். அவற்றை ஆதாமின் நாவின் கீழ் வைக்கிறார்கள். கேதுரு, சைப்ரஸ், பைன் என மூன்று கன்றுகள் முளைக்கின்றன. பிதா, சுதன், பரிசுத்த ஆவிக்கு ஆளுக்கொரு மரம். கணக்கு இவ்வளவு கச்சிதமாக இருப்பதே எனக்குச் சந்தேகம் தந்தது. இறையியல் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து வடிவமைத்த கதை இது.

ஏதேனின் மரத்தையும் சிலுவையையும் இணைத்துப் பார்க்கும் இறையியலுக்குக் கதையைவிட வயது அதிகம். 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் லியோன் நகர ஆயர் இரனேயு, ஒரு மரத்தருகே நேர்ந்த கீழ்ப்படியாமை இன்னொரு மரத்தின்மேல் காட்டப்பட்ட கீழ்ப்படிதலால் சரியானது என்று வாதிட்டார். அவருக்கு முன்பே, இயேசுவை மரத்தில் தூக்கிக் கொன்றதாகப் பேதுரு சொல்வதை அப்போஸ்தலர் நடபடிகள் பதிவு செய்திருக்கிறது. இரனேயுவுக்கு இரண்டு மரங்களும் எதிரெதிரே நின்றால் போதும். ஒன்றிலிருந்து மற்றொன்று முளைக்க வேண்டியதில்லை. பின்னால் வந்தவர்களுக்குத்தான் உவமை போதவில்லை, வம்சாவளி தேவைப்பட்டது. என் கணிப்பில், கிளையை நட்டது அந்தத் தேவைதான்.

ஆனால் எல்லோரும் சேத்திடம் போகவில்லை. எருசலேமில் 11ஆம் நூற்றாண்டில் ஜார்ஜியத் துறவிகள் கட்டிய சிலுவை மடம், சிலுவைக்கான மரம் வளர்ந்த இடத்திலேயே எழுந்ததாக நம்பப்படுகிறது. அங்கே சொல்லப்படும் கதையில் ஏதேன் இல்லை. மரத்தை வளர்த்தவன் ஆதியாகமத்தில் வரும் லோத்து. தன் பாவத்துக்குப் பரிகாரமாக மூன்று கோல்களை நட்டு, யோர்தான் தண்ணீரைச் சுமந்துவந்து ஊற்றினானாம். அந்த மூன்றும் அதே கேதுரு, சைப்ரஸ், பைன்.