மொட்டை மாடியின் ஊழியம்

பூவிருந்தவல்லியைத் தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போகிறவர்கள், வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் ஓடும் வெளிவட்டச் சாலை குறுக்கே வந்து கூடுகின்ற நசரத்பேட்டையில் ஏதேனுமொரு மாடிமேல் ஏறி நின்று நோக்குவார்களானால், தண்ணீர்த் தொட்டிகளுக்கும் துணிக்கொடிகளுக்கும் நடுவே தெற்கு முகமாகச் சாய்ந்து கிடக்கும் கருநீலச் சோலார் பேனல்களை இங்கொன்றும் அங்கொன்றுமாகக் காண்பார்கள். லாரிகள் இரவு பகலாக எழுப்புகின்ற புழுதி அவற்றின்மேல் சல்லாத் துணிபோலப் படிந்திருப்பதையும் காண்பார்கள். விடியற்காலையில் ஒரு வாளித் தண்ணீரோடும் நீண்ட கோலில் செருகிய மாப்போடும் அங்கே ஏறுகிற மனிதர், ஏதோ புதிய சிரமம் தம் தலையில் வந்து விடிந்ததாக நினைக்கக்கூடும். மிகப் பழைய ஓர் ஊழியத்தையே அவர் தொடர்கிறார் என்பது என் அபிப்பிராயம்.

கான்கிரீட் வருமுன் சென்னைப் பிரதேசத்தில் வசதியுள்ளோர் வீடுகளுக்கு 'மெட்ராஸ் டெரஸ்' என்று பிரசித்தி பெற்ற தளம் போடுவது வழக்கம். தேக்கு உத்தரங்களின்மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் மூலைவாட்டமாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லி கலந்த காரையைப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டைகளால் நாட்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்து முடித்த அந்தத் தளம், முடிந்த பிறகும் வீட்டுக்காரனைச் சும்மா இருக்க விட்டதில்லை. ஐப்பசி பிறக்குமுன் சருகைக் கூட்டித் தள்ளவேண்டும். தூம்புவாயை அடைத்த வேப்பிலையைக் கிளறவேண்டும். ஓட்டிடுக்கில் முளைத்த அரசங்கன்றை வேரோடு பிடுங்கவேண்டும். பிடுங்க மறந்த வீடுகளைப் பின்னாளில் அரசமரமே ஆண்டது. கூட்டி மெழுகிய அதே மாடியில்தான் சித்திரை வெயிலில் வடகமும் வற்றலும் காய்ந்தன. சூரியனை மாடிக்கு அழைத்து வேலை வாங்கியவர்கள் முதலில் நம் பாட்டிமார். விஞ்ஞானிகள் பிறகுதான் வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் பம்பாயில் ஆங்கில அரசாங்கத்தின் உத்தியோகஸ்தராயிருந்த வில்லியம் ஆடம்ஸ். தட்டையான கண்ணாடிகளை வளைவாக நிறுத்திச் சூரிய கிரணங்களைக் கொதிகலன்மேல் குவித்து, நீராவிப் பம்பு ஒன்றை ஓட்டிக் காட்டி, உஷ்ண தேசங்களில் விறகுக்கும் கரிக்கும் பதிலாக வெயிலே போதும் என்று 1878-இல் புத்தகமும் எழுதினார். அதே வருஷம் பாரிஸ் கண்காட்சியில் மூஷோ என்ற பிரெஞ்சுக்காரர் வெயிலைக் கொண்டே பனிக்கட்டி உண்டாக்கினார். அமெரிக்கக் குளங்களில் அறுத்த பனிக்கட்டியைக் கப்பலில் வரவழைத்துக் கடற்கரை ஐஸ் ஹவுஸில் பாதுகாத்த சென்னைவாசிகள் இதைக் கேள்விப்பட்டிருந்தால், நம்பியிருப்பார்களா என்பது சந்தேகமே.

வெயிலை நேரே மின்சாரமாக்கும் சிலிக்கன் தகட்டை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் 1954-இல் வெளியிட்டது. விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கையே அது மின்சாரமாக்கியது. தமிழ்நாட்டு அரசாங்கம் 2012-இல் சூரிய சக்திக் கொள்கையை அறிவித்தது. 2024-இல் மத்திய அரசாங்கம் ஒரு கோடி வீடுகளை உத்தேசித்து, 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் தர முன்வந்தபின், நடுத்தரக் குடும்பங்களும் மாடியை அளந்து பார்க்கத் தொடங்கின.

மானியம் உண்டு, துடைப்புக்கு ஆள் இல்லை. கனடாவில் குடியேறிய தமிழர்களுக்கும் இந்தத் தொல்லை வேறு வேஷத்தில் வருகிறது. வெண்பனி ஒரு சாண் உயரம் மூடிவிட்டால் பேனல் அறவே குருடாகிவிடும். ஆகவே தரையில் நின்றபடியே நுனியில் பஞ்சுப்பட்டை வைத்த நீண்ட கோலால் இழுத்துத் தள்ளுகிறார்கள்; உலோகம் பட்டால் கீறும், வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி வெடிக்கும். ஆனால் பனிக்கு ஒரு குணம் உண்டு. அங்கே பேனல்களை நல்ல சரிவாக நிறுத்துவதால், ஓர் ஓரம் வெளிப்பட்டு வெயில் பட்டதும் கண்ணாடி சூடேறி, பனி தானே வழுக்கி விழுந்துவிடுகிறது. குளிரில் தகடு திறமையாகவும் உழைக்கிறது. 25 டிகிரியில் அளக்கப்பட்ட அதன் சக்தி, அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்குச் சுமார் 0.4 பங்கு குறையும். நம் கோடையில் தகட்டின் சூடு 60 டிகிரியைத் தொடும்.

நமது புழுதிக்கு அந்தத் தாராள குணம் கிடையாது. சென்னை பூமத்தியரேகைக்கு 13 டிகிரி வடக்கே இருப்பதால் பேனலின் சாய்வும் கிட்டத்தட்ட அவ்வளவே. அந்தச் சாய்வில் எதுவும் வழுக்காது. மார்கழிப் பனித்துளியில் நனைந்து காலை வெயிலில் காய்ந்த தூசி சிமெண்டுபோல் ஒட்டிக்கொள்ளும். காக்கை எச்சமோ, ஒரே ஒரு சில்லை மறைத்து அதைச் சூடேற்றிக் கெடுக்கும். போர்த் தண்ணீரில் கழுவினால் உப்புத் திட்டு தங்கும். நடுப்பகலில் கொதிக்கும் கண்ணாடிமேல் குளிர்நீரை வீசினால் விரிசல் காணும். அதனால்தான் விடியற்காலை வேலை. கமுதியில் 2016-இல் எழுந்த 648 மெகாவாட் நிலையத்தில் இந்தப் பணியைத் தினந்தோறும் இயந்திரங்கள் செய்கின்றன. அவை தமக்கு வேண்டிய மின்சாரத்தையும் வெயிலிலிருந்தே பெறுகின்றன. மூன்று கிலோவாட் வைத்திருக்கும் நசரத்பேட்டைக்காரருக்கு மாப்பும் வாளியுமே இயந்திரம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் அவர் அவற்றை மாடிப்படிக்குக் கீழே சாத்திவிடுகிறார். மழை கண்ணாடி முழுவதையும் கழுவிவிடும். கீழ் விளிம்பில், அலுமினியச் சட்டம் சற்றே உயர்ந்து நீரைத் தடுக்கின்ற இடத்தில் மட்டும், ஒரு விரற்கடை அகலத்துக்குச் சேறு தேங்கி நிற்கும்.