அயர்லாந்தின் கடன் நிதிகள்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

1699ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் அயர்லாந்தின் கம்பளித்துணி ஏற்றுமதியை முடக்கியதால் டப்ளின் நெசவாளர் நலிவுற்றனர். சொத்தற்ற இத்தகைய சிறு தொழிலாளர்க்கு வங்கிக் கடன் எட்டாததாயிருந்தது. இந்நிலையில், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எழுத்தாளர் ஜொனதன் சுவிப்ற் தமது சொந்தப் பணம் 500 பவுணைக் கைவினைஞருக்கு வட்டியின்றிச் சிறு கடன்களாக வழங்கினார். 10 பவுண் பெற்றவர் வாரம் 4 சிலிங்காக 50 வாரங்களிற் கடனைத் தீர்க்கலாம். நிலமோ பொருளோ ஈடாகக் கோரப்படவில்லை. அயலவர் இருவரின் பிணையே போதுமானதாயிற்று.

இவ்வழியில் எழுந்த கடன் நிதிகள், 1823ஆம் ஆண்டுச் சட்டத்தால் வட்டி அறவிடவும் வைப்புகளை ஏற்கவும் உரிமை பெற்றுப் பெருகின. 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் அவற்றுட் பல வீழ்ந்தன. வறியோர் கடனைத் திருப்பிச் செலுத்தார் என்ற கூற்றை இவ்வரலாறு மறுக்கின்றது. ஆயினும், நிலவுடைமை உறவுகள் மாறாதவிடத்துச் சிறுகடன் மட்டும் வறுமைக்குத் தீர்வாகாது என்பதும் இதனாற் பெறப்படும்.