நிலைப்புள்ளி இல்லாத சிறுமம்

ஒரு சார்பின் பெருமமும் சிறுமமும் காண, வகைக்கெழுவைப் பூச்சியமாக்குக என்பது மாணவர் மனப்பாடம் செய்யும் விதி. அதன் வேர் பழமையானது. பாஸ்கரர் 1150-இல் இயற்றிய சித்தாந்த சிரோமணியிலேயே அக்கருத்தின் சாயல் உண்டு. லைப்னிட்ஸ் 1684-இல் வெளியிட்ட கட்டுரை அதனைப் பொதுவிதியாக்கிற்று. ஆயினும் தனிமதிப்பு புகுந்த இடத்தில் இவ்விதி மட்டும் போதாது.

பிரிக்பீல்ட்சிலிருந்து கிள்ளான் நோக்கி நேரே செல்லும் சாலை ஒன்றைக் கற்பனை செய்வோம். அதில் 0, 3, 10 ஆகிய மைல்களில் மூன்று தோட்டங்கள். பிள்ளைகள் சம எண்ணிக்கையினர். பள்ளியை எங்கே கட்டினால் மூன்று தொலைவுகளின் கூட்டுத்தொகை மிகக் குறையும்? தொலைவு என்பது குறி நீக்கிய வேறுபாடு, அதுவே தனிமதிப்பு. கூட்டுத்தொகையின் வகைக்கெழு முதல் தோட்டத்திற்கு முன் −3. அதைக் கடந்தால் −1. நடுத் தோட்டத்தைக் கடந்தால் +1. கடைசிக்கு அப்பால் +3. பூச்சியம் எங்குமே இல்லை! நடுத் தோட்டத்தில் கோடு முனையாக மடிகிறது. அங்கே வகைக்கெழுவே கிடையாது. சிறுமமோ அங்கேதான் இருக்கிறது: 10 மைல். விதியை மட்டும் நம்பும் மாணவன் விடையில்லை என்று எழுதி மதிப்பெண்ணை இழப்பான். முனைகளையும் எல்லைகளையும் சேர்த்து ஆராய்வதே முறை. (தோட்டங்கள் நான்காயின், நடு இரண்டிற்கும் இடைப்பட்ட எவ்விடமும் சிறுமமே.)

இத்தகைய கணக்கு பூமியின் வடிவத்தை அளந்தபோது மெய்யாகவே எழுந்தது. ரகூசாவில் பிறந்த போஸ்கோவிச் என்னும் பாதிரியார், குயிட்டோ, நன்னம்பிக்கை முனை, ரோம், பாரிஸ், லாப்லாந்து ஆகிய ஐந்திடத்து அளவுகளுக்கு ஒரு நேர்கோடு பொருத்த முனைந்தார். பிழைகளின் தனிமதிப்புகளைக் கூட்டினால் அத்தொகை மிகக் குறைந்ததாய் இருத்தல் வேண்டும் என்று 1757-இல் வரையறுத்தார். நுண்கணிதத்தை நாடாமல் வடிவகணிதத்தாலேயே விடை கண்டார் என்பது வியப்புக்குரியது. தனிமதிப்பைக் குறிக்கும் இரு செங்குத்துக் கோடுகளை வையர்ஸ்ட்ராஸ் எழுதியதோ 1841-இல்தான்.

1805-இல் பிரெஞ்சு அறிஞர் லெஜாந்தர், பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டும் முறையை வெளியிட்டார். வர்க்கத்திற்கு முனையில்லை, வகைக்கெழுவைப் பூச்சியமாக்கினால் ஒருபடிச் சமன்பாடுகள் வந்துவிடும். கணக்கு எளிது என்பதே அதன் வெற்றிக்குப் பெருங்காரணம் எனலாம். ஆனால் அம்முறை நம் பள்ளியை 4⅓ மைலில் நிறுத்தும். கடைசித் தோட்டம் 16-ஆம் மைலுக்குப் பெயர்ந்தால் பள்ளியும் 6⅓ மைலுக்கு ஓடும். போஸ்கோவிச் வழியிலோ பள்ளி 3-ஆம் மைலிலேயே நிற்கும். ஒரே ஒரு தவறான அளவு விடை முழுவதையும் தன்பால் இழுத்துச் செல்வது வர்க்க முறையின் குறை.

எட்ஜ்வொர்த் 1887-இல் பழைய வழியை மீட்க முயன்றார். கணக்கின் சுமை தடையாயிற்று. 1947-இல் டான்ட்ஸிக் வகுத்த சிம்ப்ளெக்ஸ் முறை, முனைக்கு முனை தாவிச் சிறுமத்தைத் தேடுவது. 1955-இல் சார்ன்ஸ், கூப்பர், ஃபெர்குசன் ஆகிய மூவரும் தனிமதிப்புக் கணக்கை அம்முறைக்குள் கொண்டுவந்தனர்.